வால்வில் சுருக்கம், துடிப்பில் தடுமாற்றம்... ரத்தம் சொல்வதும் சொல்லாததும்!

மாலை ஆறு மணிக்கு மேல் திருச்சி தில்லை நகர் மெயின் ரோட்டில் நடந்தால், ஜவுளிக்கடை வெளிச்சத்துக்குச் சமமாகக் கண்ணில் படுவது டாக்டர்களின் பெயர்ப் பலகைகள்தான். கிராஸுக்கு கிராஸ் கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர், ஒட்டினாற்போல் ஒரு மருந்துக்கடை. பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், துணிப்பைக்குள் பழைய ஃபைலை வைத்துக்கொண்டு டோக்கன் நம்பருக்காகக் காத்திருப்பார்கள்.

அப்படிக் காத்திருக்கும் ஓர் அம்மாவையும் மகளையும் நினைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 46 வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ம் நம்பர் பஸ்ஸில் வந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறி, இங்கே இறங்கியிருக்கிறார்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் இரண்டு வரி: மிட்ரல் ஸ்டெனோசிஸ், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதாவது, இதயத்தின் மிட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. துடிப்பு தாறுமாறாக இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் காத்திருக்கும் நேரத்தில் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுக் கேட்கிறாள்.

"அம்மா, வால்வு நோய் இருக்குறவங்களுக்கு ரத்தத்துல குரோத் ஃபேக்டர்னு ஏதோ கூடுமாம். அதை வெச்சே துடிப்பு கெட்டுப்போகுமா இல்லையான்னு சொல்லலாம்னு போட்டிருக்கு. நாமளும் எடுத்துப் பாத்துடலாமா?"

"இருக்குற டெஸ்ட்டையே மாசாமாசம் எடுக்க முடியலை. இதுல இன்னொண்ணா? டாக்டர்கிட்ட கேளு, போ."

மகள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால், அதைவிட முக்கியமான செய்தி அம்மாவின் பதிலில் இருக்கிறது. அவர் மாசாமாசம் எடுக்க முடியாமல் விடும் அந்தப் பழைய டெஸ்ட்தான் அவர் உயிரோடு நேரடியாக முடிச்சுப் போட்டிருப்பது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் மகளின் கேள்வி.

தொண்டையில் தொடங்கி இதயத்தில் முடிவது

நம் ஊரில் நாற்பது வயதில் மிட்ரல் வால்வு சுருங்கியிருந்தால், பெரும்பாலும் அதற்கான விதை பள்ளிக்கூட வயதிலேயே விழுந்திருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண், 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்குச் சகஜம். சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ரூமாட்டிக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது வடிந்ததும் கணுக்கால் வீங்கும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் படை, ஆள் மாறாட்டமாக நம் இதய வால்வையும் தாக்கிவிடுவதுதான் இதில் நடக்கும் கோளாறு. மூட்டுவலி சரியாகிவிடும், வீட்டிலும் மறந்துவிடுவார்கள். வால்வு மறக்காது.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவுதான் மிட்ரல் வால்வு. ஆரோக்கியமான ஒருவருக்கு அது திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். அழற்சியும் தழும்புமாக இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, அந்த வழி 1.5 சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்கினால் தீவிரம் என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். இதழ்களில் சாதாரணமாக ரத்தக்குழாய்களே கிட்டத்தட்ட இருக்காது. ரூமாட்டிக் நோய் தாக்கிய வால்வை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அங்கே புதிதாகக் குழாய்கள் முளைத்திருப்பது தெரியும். அவற்றை முளைக்கச் சொல்வது வி.இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணி. மகள் போனில் பார்த்த குடும்பத்தில் இதுவும் ஓர் உறுப்பினர்.

இந்த நோய் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. பல பெண்களுக்கு அது முதன்முதலில் தெரியவருவது கர்ப்ப காலத்தில்தான். உடலில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதிப் பங்கு கூடும் நேரம் அது. சுருங்கிய கதவு அவ்வளவையும் கடத்த முடியாமல் நுரையீரலில் நீர் கட்டும். படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி படுத்தால் இருமல் வரும். 'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். படுக்க முடியாத அளவுக்கு மூச்சுத்திணறல் என்றால், அதை மசக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மேஸ்திரியும் சிமென்ட்டும்

கதவு சுருங்கினால் அதற்கு முன்னால் இருக்கும் அறைதான் சுமை தாங்க வேண்டும். இடது மேலறையின் சுவர் மெல்லியது. வருடக்கணக்கில் உள்ளே அழுத்தம் ஏற ஏற, அது பலூன்போல விரியும். தசைச் செல்கள் இழுபடும், சில செத்துப்போகும். உடனே உடல் ரிப்பேர் வேலையை ஆரம்பிக்கும். வளர்ச்சிக் காரணிகள் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான்.

ஒரு செல் இன்னொரு செல்லுக்கு 'வளரு, பெருகு, வேலையை ஆரம்பி' என்று அனுப்பும் ரசாயனச் சீட்டுதான் வளர்ச்சிக் காரணி. இப்படி ஒன்று உண்டு என்று காட்டியதற்காக ரீட்டா லெவி-மொண்டல்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இன்று இந்தச் சீட்டுகளில் பல டஜன் வகை தெரியும். மேலறை விஷயத்தில் அதிகம் பேசப்படுவது டி.ஜி.எஃப்-பீட்டா. இதை ஒரு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம். இதயச் சுவரில் சும்மா கிடக்கும் இணைப்புத்திசு செல்களை எழுப்பி, 'கொலாஜனைக் கொட்டு' என்று உத்தரவு போடுவது இதன் வேலை. கொலாஜன்தான் தழும்பின் சிமென்ட். கையில் வெட்டுக்காயம் ஆறுவதும் இதே மேஸ்திரி தயவில்தான். கையில் ஒருமுறை காயம், ஒருமுறை பூச்சு வேலை, முடிந்தது. சுருங்கிய வால்வுக்குப் பின்னால் இருக்கும் மேலறையிலோ காயம் தினமும் நடக்கிறது. மேஸ்திரி வேலையை நிறுத்துவதே இல்லை.

இதயத் துடிப்பு என்பது ஒரு மின்அலை. மேலறை முழுக்க அது தடையில்லாமல் பரவினால்தான் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் சுருங்கும். தில்லை நகருக்குப் பக்கத்தில் ஓடும் உய்யகொண்டான் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு, அடுத்து நடப்பது சுலபமாகப் புரியும். நேராகப் போக வேண்டிய தண்ணீர் பிரிந்து, சுற்றி, ஒரே இடத்தில் சுழலும். தழும்புத் திட்டுகளுக்கு நடுவே மின்அலையும் அப்படித்தான் சுழல்கிறது. நிமிடத்துக்கு 350-க்கு மேல் தாறுமாறான மின்தூண்டல்கள். மேலறை சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் பேச்சுவழக்கில் 'ஏ-ஃபிப்' என்பார்கள்.

இது ஊகம் இல்லை. வால்வு அறுவை சிகிச்சையின்போது மேலறையிலிருந்து துணுக்குத் திசு எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், துடிப்பு கெட்டவர்களின் திசுவில் கொலாஜனும் டி.ஜி.எஃப்-பீட்டாவும் கூடுதலாக இருந்திருக்கின்றன. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் இதயத்தில் இந்த ஒரே ஒரு காரணியை மரபணு மூலம் கூட்டிவிட்டார்கள். இதயம் முழுக்கக் கூட்டியும், தழும்பு விழுந்தது மேலறையில் மட்டும். அந்த எலிகளுக்கு ஏ-ஃபிப்பும் சுலபமாக வந்தது. மேஸ்திரி யார் பேச்சைக் கேட்பான் என்பதில் மேலறைக்கு மட்டும் தனி ராசி போலிருக்கிறது.

இன்னொரு பழைய ஆய்வு ஆடுகளை வைத்து. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், ஆரோக்கியமான ஆடுகளின் மேலறையைச் சாதனம் மூலம் திரும்பத் திரும்ப நடுங்க வைத்தார்கள். ஆரம்பத்தில் சில விநாடிகளில் தானே சரியாகிவிட்ட நடுக்கம், ஒன்றிரண்டு வாரத்தில் நாள் முழுக்க நிற்காமல் நீடித்தது. 1995-ல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு, ஏ-ஃபிப்பே ஏ-ஃபிப்பை வளர்க்கும் என்பது இதயநோய்த் துறையில் பாலபாடம் ஆகிவிட்டது. வால்வு நோயாளிக்கு இது இரட்டைக் கஷ்டம். வால்வு அழுத்தம் தழும்பை வளர்க்கிறது, தழும்பு நடுக்கத்தை வளர்க்கிறது, நடுக்கம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

அப்படியானால் ரத்தத்தில் அளந்து பார்த்துவிடலாமே?

இங்கேதான் சிக்கல். போனில் படிக்கும்போது 'அளவு கூடியிருந்தது' என்பது ஒரே வரி. லேபில் அது அத்தனை சுலபம் இல்லை.

டி.ஜி.எஃப்-பீட்டாவையும் பி.டி.ஜி.எஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியையும் நம் ரத்தத்தின் தட்டணுக்கள் பொட்டலம் கட்டிச் சுமந்துகொண்டே திரிகின்றன. எங்காவது காயம் பட்டால் அவிழ்த்துக் கொட்டுவதற்காக. ஊசி குத்தி எடுத்த ரத்தம் டியூபுக்குள் உறையும்போதும் அந்தப் பொட்டலங்கள் அவிழும். உடனே அளவு எகிறும். அதனால், உறையவிட்டுப் பிரித்த ரத்தத்தில் ஓர் எண் வரும், உறையாமல் தடுத்துப் பிரித்ததில் வேறோர் எண் வரும். டியூபைக் குலுக்கினாலோ, தாமதமாகப் பிரித்தாலோ கணக்கு மாறும். அந்த எண் மேலறையின் கதையைச் சொல்கிறதா, டியூபின் கதையைச் சொல்கிறதா என்று பிரித்தறிவது நிபுணர்களுக்கே வேலை.

அதோடு, மேஸ்திரி இதயத்துக்கு மட்டும் வேலை செய்பவன் இல்லை. கல்லீரலில் தழும்பு, நுரையீரலில் பழைய நோய், சமீபத்தில் ஓர் ஆபரேஷன் என எதுவானாலும் ரத்தத்தில் அவன் தலை தெரியும். இன்னொரு காரணியான எஃப்.ஜி.எஃப்-23, சிறுநீரகம் பலவீனமானாலே ஏறிவிடும்.

இந்தக் குடும்பத்தில் மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொஞ்சம் நெருங்கி வந்திருப்பது ஜி.டி.எஃப்-15. ஏ-ஃபிப் உள்ளவர்களில் யாருக்கு ரத்தக்கசிவு அபாயம் அதிகம் என்று கணிக்க, இதையும் சேர்த்து ஒரு மதிப்பெண் முறையே உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால், அதற்கு அடிப்படையாக இருந்தது 18,201 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான 'அரிஸ்டாட்டில்' என்ற மருந்து ஆய்வு. மிட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஃபைலின் முதல் பக்கத்தில் 'மிட்ரல் ஸ்டெனோசிஸ்' என்று எழுதியிருக்கும் ஸ்ரீரங்கத்து அம்மா போன்றவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள். பணக்கார நாடுகளில் ரூமாட்டிக் நோய் அரிதாகிவிட்டதால், பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் அவர்களின் முதியவர்களைச் சுற்றியே நடந்தன. கொஞ்சம் கோபம் வர வேண்டிய விஷயம்தான் இது.

சரி, அளந்தே பார்த்தாலும் அதை வைத்து என்ன செய்வது? மேஸ்திரியை வேலையை விட்டு நிறுத்த மருந்து உண்டா? டி.ஜி.எஃப்-பீட்டாவை முழுதாக முடக்க முடியாது. அது இல்லாமல் பிறந்த ஆய்வக எலிகள், சில வாரங்களிலேயே உடலெங்கும் அழற்சி கட்டுமீறிச் செத்துப்போயின. சுற்றுவழியாகவும் முயன்றார்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் வால்சார்டன் வகை மாத்திரைகள், விலங்குகளில் இந்தத் தழும்பு உத்தரவைக் குறைத்தன. ஆனால், ஏற்கெனவே ஏ-ஃபிப் வந்துபோன 1,442 பேருக்கு இத்தாலியில் அதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது, அது திரும்ப வருவது குறையவில்லை. 2009-ல் வந்த முடிவு இது.

ஆக, மகளின் கேள்விக்கு இன்றைய பதில்: ஆய்வாளர்களுக்கு அது அருமையான தடயம். அம்மாவின் சிகிச்சையில் அதனால் ஒரு மாத்திரைகூட மாறாது. அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம்.

எலி மருந்தா கொடுக்கிறார்கள்?

அந்த வேறு இடம், ஐ.என்.ஆர். அம்மா மாசாமாசம் எடுக்க முடியாமல் விடும் டெஸ்ட்.

நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கும். அறையின் ஓரத்தில் நாய்க்காதுபோல ஒரு சின்னப் பை இருக்கிறது; தேங்கிய ரத்தம் முதலில் உறைவது பெரும்பாலும் அதற்குள்தான். அந்த உறைகட்டி கிளம்பி மூளைக்குப் போனால், பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 1978-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். வால்வு நோய் இல்லாமல் ஏ-ஃபிப் வந்தால் பக்கவாத அபாயம் ஐந்து மடங்குக்கு மேல். ரூமாட்டிக் வால்வு நோயோடு ஏ-ஃபிப் சேர்ந்தால் 17 மடங்கு.

இதைத் தடுக்கத்தான் வார்ஃபரின், அல்லது நம் ஊரில் பலர் 'அசிட்ரோம்' என்ற பெயரில் வாங்கும் அதன் உறவுக்கார மாத்திரை. இணையத்தில் வார்ஃபரின் என்று தேடினால் 'எலி மருந்து' என்று வரும். பயந்து நிறுத்திவிடும் அளவுக்கு அந்த வரி ஆபத்தானது. உண்மைதான், 1948-ல் அது எலியைக் கொல்லவே சந்தைக்கு வந்தது. அதற்கும் முன்னால், அமெரிக்காவின் விஸ்கான்சினில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து சாக, காரணம் தேடிய கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் லேபில்தான் இதன் மூலப்பொருள் பிடிபட்டது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அளவுதான் விஷத்தையும் மருந்தையும் பிரிக்கிறது. அந்த அளவைச் சொல்வதுதான் ஐ.என்.ஆர்.

மாத்திரை சாப்பிடாத ஒருவருக்கு ஐ.என்.ஆர் 1-ஐ ஒட்டி இருக்கும். ஏ-ஃபிப் உள்ள வால்வு நோயாளிக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். குறைந்தால் ரத்தம் உறையும், மிஞ்சினால் கசியும்.

'பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இதே ஏ-ஃபிப்தான். அவருக்கு டெஸ்ட்டே இல்லாத புது மாத்திரை கொடுத்திருக்காங்க. நமக்கு மட்டும் ஏன் இந்தப் பழசு?' கிளினிக் வாசலில் அடிக்கடி கேட்கக்கூடிய கேள்வி. வால்வு சுருக்கம் இல்லாத மாமாவுக்குப் புது மாத்திரை சரி. ரூமாட்டிக் வால்வு நோயாளிக்கு எது நல்லது என்று பார்க்கவே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெயர் 'இன்விக்டஸ்'. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகள், 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள். சராசரி வயது 50-ஐ ஒட்டி. பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். கனடாவின் ஸ்டூவர்ட் கானலியோடு சேர்ந்து இதை நடத்தியவர், அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த இதயநோய்ப் பேராசிரியர் ஜி.கார்த்திகேயன். இந்த முறை நம்மைப் போன்றவர்கள்தான் ஆய்வின் மையம்.

புது மாத்திரையான ரிவராக்சபான் பழசுக்குச் சமமாகவாவது இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2022 ஆகஸ்ட்டில் வந்த முடிவு தலைகீழ். புது மாத்திரைப் பிரிவில் 552 பேர் இறந்திருந்தார்கள். வார்ஃபரின் வகை மாத்திரைப் பிரிவில் 442 பேர். இரு பிரிவிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில்தான் நோயாளிகள் இருந்தார்கள். பழைய மாத்திரையால் பெரிய ரத்தக்கசிவும் கூடவில்லை. இத்தனைக்கும், வார்ஃபரின் பிரிவில் ஐ.என்.ஆர் சரியான எல்லைக்குள் இருந்தவர்கள், ஆய்வு தொடங்கியபோது மூன்றில் ஒரு பங்குதான். போகப்போக அது 56 முதல் 65 சதவிகிதம் வரை உயர்ந்தது. டெஸ்ட்டுக்காக மாதாமாதம் வந்து டாக்டரைப் பார்த்ததே உயிரைக் காத்திருக்கலாம் என்பதும் ஒரு விளக்கமாகப் பேசப்பட்டது. உலோக வால்வு வைத்தவர்கள் விஷயமும் இப்படித்தான். டாபிகட்ரான் என்ற புது மாத்திரையை அவர்களிடம் சோதித்தபோது உறைகட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால், ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2013-ல் வெளியானது.

துவாதசி அகத்திக்கீரை

வீட்டில் இந்த மாத்திரையைக் கெடுப்பவை பெரும்பாலும் சமையலறையிலும் மருந்துக்கடையிலும் இருக்கின்றன. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்யக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதைத்தான் தடுக்கிறது. கீரையில் வைட்டமின் கே ஏராளம்.

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி விரதம் இருப்பவர்களை யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் முழுப் பட்டினி, சிலர் அன்றைக்கு மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். மறுநாள் துவாதசி பாரணையில் அகத்திக்கீரை. அகத்தி மருந்தை முறிக்கும் என்று பாட்டிகள் சொல்வது உண்டு. எல்லா மருந்துக்கும் அது பொருந்துமோ என்னவோ, இந்த ஒரு மாத்திரை விஷயத்தில் எந்தக் கீரையும் அளவு மீறினால் முறிக்கத்தான் செய்யும். அதற்காகக் கீரையையே ஒதுக்கச் சொல்லி எந்த இதய டாக்டரும் இப்போது சொல்வதில்லை. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் அதே இரண்டு நாள், அதே அளவு. மாத்திரை அளவை அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ப டாக்டர் வைத்துக்கொள்வார். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்றால், மாத்திரையை நிறுத்தாமல், விரதம் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடலாம்.

கீரையைவிடப் பெரிய வில்லன், முட்டிவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கலாம். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், படைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரை எகிற வைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தடாலென்று இறக்கும். 'ஒரு ஊசி போட்டு விடுங்க, சரியாயிடும்' என்று கேட்கும் நம் பழக்கமும் இவர்களுக்கு ஆகாது. தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ரூமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வேறு கணக்கு. அதைப் போடுவதா, எப்படிப் போடுவது என்று இதய டாக்டர் சொல்லட்டும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே பேசுவது நல்லது. முதல் மூன்று மாதங்களில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம்; தானாக நிறுத்தினால் தாயைப் பாதிக்கும்.

மலம் கருப்பாகப் போனால், ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம். வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் என்றால் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்துப் பார்க்க நேரமில்லை, 108.

கதவைத் திறப்பது எப்போது?

மாத்திரை உறைகட்டியைத் தடுக்கும், கதவைத் திறக்காது. கதவைத் திறந்த கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி-யில் இதயத்தை நிறுத்தாமலே, மேலறையின் அந்த நாய்க்காதுப் பை வழியாக விரலை உள்ளே விட்டு, ஒட்டிய வால்வைப் பிரித்துவிடும் அறுவை சிகிச்சையைச் செய்துவந்தார்கள். ஸ்டான்லி ஜானும் சக டாக்டர்களும் 1983-ல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது 3,724 நோயாளிகளின் கணக்கு. உலகமே திரும்பிப் பார்த்த எண்ணிக்கை. ஜப்பானின் கான்ஜி இனோவே உருவாக்கிய பலூன் முறை வந்த பிறகு, பலருக்கு நெஞ்சைத் திறக்கத் தேவையில்லாமல் போனது. தொடை நரம்பு வழியாகப் பலூனைக் கொண்டுபோய், வால்வுக்குள் ஊதி விரிப்பார்கள். பலூனுக்கு ஏற்ற நிலையில் வால்வு இல்லை என்றால் மாற்று வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இறக்குமதி வால்வு வாங்க முடியாத பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது.

வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிய ஆராய்ச்சி நோயாளிக்கு நேரடியாகப் பயன்படும் இடமும் இதுதான். வால்வைச் சரிசெய்தால் அழுத்தம் உடனே இறங்கும். மேஸ்திரிக்கு வேலை குறையும். ஆனால், அதற்கு முன்பு கொட்டிய சிமென்ட் கரையாது. அதனால்தான் பலூன் வெற்றி என்று வீட்டுக்கு வந்த பிறகும் சிலருக்குத் துடிப்பு ஒழுங்காவதில்லை, வார்ஃபரினும் தொடர்கிறது. 'ஆபரேஷன்தான் ஆயிடுச்சே' என்று அப்போது மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் பக்கவாதத்தோடு திரும்பி வருகிறார்கள். துடிப்பு கெடுவதற்கு முன்பே, மேலறை பெரிதாக விரிவதற்கு முன்பே கதவைத் திறந்தால் பலன் அதிகம். எக்கோவில் மேலறையின் அளவையும் குறித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். அது 4 சென்டிமீட்டரைத் தாண்டி வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா என்பது, இன்றைக்கு எந்த வளர்ச்சிக் காரணியின் எண்ணைவிடவும் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

வீட்டிலேயே செய்ய ஒன்று உண்டு. மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்ப்பது. வேகமாக இருக்கிறதா என்பதைவிட, தாளம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, கொஞ்சம் இடைவெளி, படபடவென மூன்று, மறுபடி இடைவெளி என எந்தக் கணக்குக்கும் அடங்காமல் துடித்தால், ஓர் இ.சி.ஜி எடுத்துவிட வேண்டும். வால்வு நோய் இருப்பது தெரிந்தவர்கள், ஏ-ஃபிப் இன்னும் வராதவர்கள், இதை வாரம் ஒருமுறை பார்க்கலாம்.

தில்லை நகரில் டோக்கன் நம்பர் வந்துவிட்டது. உள்ளே போய் மகள் தன் கேள்வியைக் கேட்கிறாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ஃபைலைத் திருப்பி, கடைசியாக எடுத்த ஐ.என்.ஆர் தேதியைக் காட்டுகிறார். மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

"ஏம்மா, என்கிட்ட போன மாசம் எடுத்தாச்சுன்னுதானே சொன்னே?"

அம்மா பதில் சொல்லவில்லை. லேப் பக்கத்து கிராஸிலேயே இருக்கிறது, எட்டு மணி வரை திறந்திருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும், மகள் போனில் காலண்டரைத் திறந்து அடுத்த மாதத் தேதியைக் குறிக்கிறாள்.

"அன்னிக்கு ஏகாதசிடி" என்கிறார் அம்மா.

"அப்போ தசமிக்கே வந்துடலாம்" என்று தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிவைக்கிறாள் மகள்.